ஏழாம் வகுப்பு ஆவியானது

மூலக்கூறுகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

முன்வரிசையில் ஒரு மூலக்கூறின் சட்டைக் காலரை இன்னொரு மூலக்கூறு பிடித்திருந்தது. பின்வரிசையில் ஒன்று நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தது. நடுவில் நின்ற ஒன்று விரலைத் தூக்கியது.

"சார், ஒன்னுக்கு."

டிரில் மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"டேய், நீங்க எல்லாரும் சேர்ந்து ஒரு இரும்புத் துண்டுடா. இரும்புத் துண்டு ஒன்னுக்குப் போகுமா?"

"போகாது சார். ஆனா அவசரம் சார்."

"போய்த் தொலை. சீக்கிரம் வந்து சேரு. உன் இடத்துல ஓட்டை விழுந்துடும்."

மூலக்கூறு ஓடியது. ஏழாம் வகுப்பு என்ற இரும்புத் துண்டு நடுவில் ஓட்டையோடு வெயிலில் நின்றது.

டிரில் மாஸ்டருக்கும் அறிவியலுக்கும் அதுவரை எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பந்து, கயிறு, விசில். அறிவியல் டீச்சர் படிக்கட்டில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டதால் வந்த வினை இது. வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி பள்ளியைப் பார்வையிட வருகிறார். அன்றைக்கு ஏழாம் வகுப்பு ஏதாவது ஓர் அறிவியல் செயல்விளக்கம் காட்டியாக வேண்டும். தலைமையாசிரியை மாஸ்டரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"மாஸ்டர், உங்ககிட்ட மறைக்க விரும்பல. விளையாட்டு பீரியட் வீண்னு மேல யாரோ எழுதிப் போட்டிருக்காங்க. அதை எடுத்துட்டு அந்த நேரத்தையும் பாடத்துக்கே குடுக்கச் சொல்லி உத்தரவு வரப்போகுது. அதுல கையெழுத்துப் போடப்போறவர்தான் வெள்ளிக்கிழமை வர்றாரு."

"அப்ப நான் என்ன மேடம் பண்றது?"

"விளையாட்டாவே ஒரு பாடத்தை நடத்திக் காட்டுங்க. திடப்பொருள், திரவம், வாயு. அதுதான் இந்த மாசப் பாடம். உங்க மைதானத்துல நடந்தா அது வீண் இல்லன்னு அவருக்கே புரியும். புரியலன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க நூலகத்துல உக்காந்து புத்தகத்துக்கு அட்டை போட வேண்டியதுதான்."

அட்டை போடுவது பற்றி மாஸ்டருக்குக் கவலையில்லை. அவர் கவலை வேறு. வகுப்பில் வாய் திறந்தால் திக்கும் பையன் ஒருவன், மைதானத்தில்தான் தொண்டை கிழியச் சிரிப்பான். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் ஒரு பெண், நீளம் தாண்டும்போது மட்டும் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைப்பாள். வாரத்தில் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம். மற்ற நேரமெல்லாம் பெஞ்சு.

இதைப் பிள்ளைகளிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. கடவுளிடம் மட்டும் சொன்னார். பிறகு அறிவியல் புத்தகத்தை எடுத்துப் பாடத்தை மூன்று முறை வாய்விட்டுப் படித்தார். மூன்றாவது முறைதான் அவருக்கு வெளிச்சம் வந்தது. திடப்பொருளில் மூலக்கூறுகள் நெருக்கமாக, ஒன்றையொன்று விடாமல் நிற்கின்றன. திரவத்தில் நழுவிக்கொண்டே சேர்ந்திருக்கின்றன. வாயுவில் தனித்தனியே தலைதெறிக்க ஓடுகின்றன.

'அட, இது ஏழாம் வகுப்புதானே!' என்று தோன்றியது அவருக்கு.

"கவனமா கேளுங்க," என்றார் இப்போது. "கைகோத்து வரிசையா நின்னா நீங்க திடப்பொருள். நின்ன இடத்துலயே லேசா ஆடலாம். நகரக் கூடாது. நான் விசில் ஊதினா சூடு. ஒரு தடவை ஊதினா, கைய விட்டுட்டு உரசிக்கிட்டே நழுவணும். அது திரவம். இன்னொரு தடவை ஊதினா, கொதிச்சு வாயுவாகி ஓடணும். அதுக்கு மேலயும் ஊதினா இன்னும் சூடு, இன்னும் வேகம். இந்த எவர்சில்வர் தட்டுல கரண்டியால தட்டினா குளிர். வேகத்தைக் குறைச்சு, ஒன்னுகூடி, பழையபடி கைகோத்து நிக்கணும். புரிஞ்சுதா?"

வகுப்பில் 'கேள்விக்குறி' என்று ஒரு பெண் இருந்தாள். அவள் கேள்வி கேட்காத நாளில் ஆசிரியர்கள் அவளுக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

"சார், வாயு எதுவரைக்கும் ஓடும்?"

"இடம் இருக்கிற வரைக்கும்மா. எதுலயாவது முட்டினா திரும்பி வேற பக்கம் போகும்."

"யாரு மேலயாவது முட்டினா?"

"மன்னிப்புக் கேட்டுட்டுத் திரும்பணும்."

"மூலக்கூறு மன்னிப்புக் கேக்குமா சார்?"

"மத்த மூலக்கூறு பத்தி எனக்குத் தெரியாது. என் மூலக்கூறு கேக்கும்."

"கதவு தொறந்திருந்தா?"

மாஸ்டர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு வராது. "வெளிய போயிடும். அதோட குணம் அது. இருக்கிற இடத்தையெல்லாம் நிரப்பும்."

"ம்ம்," என்றாள் கேள்விக்குறி. அவள் இப்படி ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டது அதுவே முதல் தடவை. மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. விசில் ஊதி ஒத்திகையை ஆரம்பித்தார்; அதற்குள் முன்வரிசைச் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது.

"டேய்! விடுடா காலரை!"

அவர் கத்தியதும் எல்லோரும் அப்படியே உறைந்து நின்றார்கள். நழுவிக்கொண்டிருந்தவர்களும் நின்றார்கள், ஓடத் தயாரானவர்களும் நின்றார்கள். ஒவ்வொரு முறை அவர் யாரையாவது திட்டும்போதும் இதே கதை. செயல்விளக்கம் ஓரடி நகரவில்லை.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்.

"இதோ பாருங்க. மூலக்கூறுக்குக் காது கிடையாது. நான் கத்துறது எதையும் நீங்க கண்டுக்கக் கூடாது. விசில், தட்டு, இது ரெண்டு மட்டும்தான்."

"காது இல்லன்னா விசில் எப்படி சார் கேக்கும்?" என்றாள் கேள்விக்குறி.

"அது... உடம்புல சூடாப் படும்."

அதற்குப் பிறகு ஒத்திகை அற்புதமாக நடந்தது. மாஸ்டர் தொண்டை வற்றக் கத்தினார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

வியாழக்கிழமை இரவு சாப்பாட்டு மேசையில் மனைவியிடம் இதைச் சொன்னார். சொல்லிக்கொண்டே தம்ளர் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றினார், கிண்ணத்திலிருந்து பாட்டிலுக்கு ஊற்றினார்.

"பாத்தியா? வடிவம் மாறுது, அளவு மாறல."

"மாறுது. மேசைத் துணியில பாதி இருக்கு," என்றாள் மனைவி. "காது இல்லன்னா சொல்லிக்குடுத்தீங்க?"

"ஆமா. என்ன கத்தினாலும் விழாது."

"அப்ப நீங்களும் மூலக்கூறுதான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்குத் தெரியும்."

மாஸ்டர் சிரித்தார். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நாளைக்குச் சரியா வரலன்னா இதுதான் கடைசி பீரியட். பிள்ளைங்ககிட்ட சொல்ல வாய் வரல."

மனைவி ஈரத் துணியைப் பிழிந்தபடி அவரைப் பார்த்தாள். "சொல்லாதீங்க. தெரியாமலே சந்தோஷமா ஓடட்டும். மிச்சத்தைக் கடவுள் பாத்துப்பாரு."

வெள்ளிக்கிழமை மதியம் கல்வி அதிகாரியின் கார் வந்தது. காவலாளி பெரிய கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்து சலாம் போட்டார். அதிகாரி உருவத்தில் பெரியவர். முகத்தில் ஏழெட்டு வருடங்களாக யாரும் சிரிப்பைப் பார்த்ததாகத் தெரியவில்லை. மைதான ஓரத்தில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி முனகியது.

"என்ன காட்டப் போறீங்க?"

"திடப்பொருள், திரவம், வாயு சார்."

"சாமான் எல்லாம் எங்க? ஐஸ், தண்ணி, பலூன்?"

"பிள்ளைங்கதான் சார் சாமான்."

அதிகாரி "ம்" என்றார். அந்த 'ம்'மில் கையெழுத்துப் போடும் சத்தம் கேட்டது போலிருந்தது மாஸ்டருக்கு.

உள்ளுக்குள் ஒரு வேண்டுதலைச் சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார். ஏழாம் வகுப்பு வரிசை வரிசையாகக் கைகோத்து நின்றது. நின்ற இடத்தில் லேசாக ஆடியது.

"இது திடப்பொருள் சார். தள்ளிப் பாருங்க."

அதிகாரி எழுந்து ஓரத்தில் நின்ற பையனின் தோளை ஒரு விரலால் தள்ளினார். பையன் சாய்ந்தான், அவனைப் பக்கத்தில் நின்றவள் இழுத்தாள், அவளை அடுத்தவன் பிடித்தான். மொத்த வரிசையும் ஓர் ஆட்டம் ஆடி, பழையபடி நின்றது.

"வடிவம் மாறாது சார். பக்கத்துல இருக்கறவன் விட மாட்டான்," என்றார் மாஸ்டர்.

முதல் விசில். கைகள் விலகின. பிள்ளைகள் தோளோடு தோள் உரச நழுவினார்கள். தரையில் கயிற்றால் போட்டிருந்த சதுரத்துக்குள் வழிந்து சதுரமானார்கள். பக்கத்து வட்டத்துக்குள் வழிந்து வட்டமானார்கள். ஒருவரும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

அதிகாரி லேசாக முன்னால் குனிந்தார். தலைமையாசிரியையின் முகத்தில் நம்பிக்கை எட்டிப் பார்த்தது.

மாஸ்டர் இரண்டாவது விசிலை ஊதினார்.

வாயு கிளம்பியது. நாலா பக்கமும் பிள்ளைகள் பறந்தார்கள். சுவரில் தொட்டுத் திரும்பினார்கள், கொடிக்கம்பத்தில் தொட்டுத் திரும்பினார்கள், அதிகாரியின் தொந்தியில் மோதி, "மன்னிச்சிடுங்க சார்" என்று சொல்லித் திரும்பினார்கள். மாஸ்டருக்கு நெஞ்சு விம்மியது.

அப்போதுதான் பார்த்தார். கேட் திறந்தே கிடந்தது. காவலாளி அதன் பக்கத்தில் நின்று வானத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் மூலக்கூறு வெளியே போனது. அது கேள்விக்குறி. அவள் பின்னால் இரண்டு, அவர்கள் பின்னால் நான்கு. கண்ணெதிரே மைதானம் காலியானது.

"டேய்! நில்லுங்கடா! வெளிய போகாதீங்க!"

ஒருவரும் திரும்பவில்லை. அவர்களுக்குத்தான் காது கிடையாதே.

பதறிப்போனவர் என்ன செய்வார்? இத்தனை வருடப் பழக்கம், கை தானாக விசிலுக்குப் போனது. பலம்கொண்ட மட்டும் ஊதினார். பிள்ளைகளை நிறுத்த அவர் வாழ்நாள் முழுவதும் செய்த ஒரே காரியம் அதுதான்.

சூடு ஏறியது. மூலக்கூறுகள் இன்னும் வேகமாக ஓடின.

"மாஸ்டர்! என்ன நடக்குது?" என்றார் தலைமையாசிரியை.

"வாயு மேடம்! இருக்கிற இடத்தையெல்லாம் நிரப்புது மேடம்!" என்று கத்திக்கொண்டே மாஸ்டர் தெருவுக்கு ஓடினார்.

தெருவில் காட்சி வேறு மாதிரி இருந்தது. எதிரே தையல் கடையின் கதவு அகலத் திறந்து கிடந்தது; சாத்திக்கொள்ளாமலிருக்கச் செங்கல் வைக்கப்பட்டிருந்தது. இரண்டு மூலக்கூறுகள் உள்ளே போய், துணி பொம்மையைத் தொட்டு, பொம்மையிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தன. முடி வெட்டும் கடைக்குள் ஒரு கூட்டமே புகுந்திருந்தது. நல்ல வேளையாக நாற்காலிகள் எல்லாம் சுவரோரம் தள்ளிப் போடப்பட்டிருந்தன.

"ஏங்க, இவ்வளவு பேரும் எப்படிங்க உள்ள போனாங்க?" என்றார் மாஸ்டர் மூச்சிரைக்க.

"வாயுவை அமுக்கலாம்ல சார்?" என்றார் முடி வெட்டுபவர் கத்தரிக்கோலை மடக்கியபடி. ஒரு மூலக்கூறு ஓட்டத்தை மறந்து நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அது பின்வரிசைத் தூங்குமூஞ்சி.

பழவண்டிக்காரர் வண்டியை முன்கூட்டியே ஓரமாக நிறுத்தியிருந்தார். ஒரு பழம்கூட உருளவில்லை. இதெல்லாம் கடவுளின் கருணை என்று மாஸ்டர் மனதுக்குள் கும்பிட்டார். ஆனால் ஒரு பிள்ளையும் கையில் சிக்கவில்லை. ஒன்றை எட்டிப் பிடித்தால், அது அவர் மேல் முட்டியதாக நினைத்து, "மன்னிச்சிடுங்க சார்" என்று திரும்பி வேறு பக்கம் ஓடியது.

குளிர்! இவர்களைக் குளிர வைக்க வேண்டும். தட்டு!

மைதானத்துக்குத் திரும்பி ஓடினார். தட்டு வைத்த இடத்தில் கரண்டி மட்டும் இருந்தது.

"ஆயாம்மா! தட்டு எங்க?"

பள்ளியின் ஆயாம்மா பெருமையோடு திரும்பினார். "கழுவித் துடைச்சு, அதிகாரி ஐயாவுக்கு பிஸ்கட் வச்சுக் குடுத்திருக்கேன் சார். நம்மகிட்ட அது ஒன்னுதான் நெளியாத தட்டு."

அதிகாரியின் மடியில் தட்டு. தட்டில் பிஸ்கட். அதிகாரியின் கையில் பாதி பிஸ்கட்.

"சார், ஒரு நிமிஷம், மன்னிச்சிடுங்க சார்," என்று மாஸ்டர் தட்டை இழுத்தார். அதிகாரி எதற்கென்று தெரியாமல் பிடித்துக்கொண்டார். மாஸ்டர் இழுக்க, அதிகாரி இழுக்க, பிஸ்கட் அத்தனையும் திடப்பொருளாக மேலே எழும்பி, தூளாக அதிகாரியின் தலையில் இறங்கியது. தட்டு கைக்கு வந்தது. கரண்டியால் தட்டினார். டிங், டிங்.

மைதானத்துக்கே அது சரியாகக் கேட்கவில்லை. தெருவுக்கு எங்கே கேட்கும்?

"சத்தமா ஏதாவது இருக்கா ஆயாம்மா?"

"மணி இருக்கு சார்."

அலுவலக வாசலில் பள்ளிக்கூட மணி தொங்கியது. மாஸ்டர் பாய்ந்து போய் இரும்புக் கம்பியை எடுத்து, வலது கை இடது கை பாராமல் அடித்தார். அடித்த அடியில் மணி மட்டுமல்ல, அவர் பல்லும் அதிர்ந்தது.

தெருவுக்கு நன்றாகக் கேட்டது. கூடவே பள்ளிக்கூடம் முழுவதற்கும் கேட்டது.

பள்ளி மணி நீளமாக அடித்தால் என்ன அர்த்தம்? வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். முதலில் ஒன்றாம் வகுப்புக் கதவு திறந்தது. பிறகு இரண்டு. பிறகு எல்லாம். பை, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு சகிதம் பள்ளிக்கூடம் மொத்தமும் ஒரே திரவமாகி, படிக்கட்டில் வழிந்து, தாழ்வாரத்தில் பாய்ந்து, கேட்டை நோக்கிப் பெருகியது. முன்னால் வந்தது எல்லாம் பொடிப் பிள்ளைகள். கேட்டுக்கு வெளியே சாலை. சாலையில் மதியப் பேருந்து வரும் நேரம்.

மாஸ்டரின் கையிலிருந்து கம்பி நழுவியது. இதுவரை நடந்ததெல்லாம் அவமானம்; இது அப்படியில்லை. "கடவுளே, என் பீரியட் போகட்டும். பிள்ளைங்கள மட்டும் பாத்துக்கோ," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினார். அவருக்கும் கேட்டுக்கும் நடுவில் பெருங்கூட்டம். அவரால் போய்ச் சேர முடியாது.

ஆனால் தெருவில் மணிச் சத்தத்தை வேறு விதமாகக் கேட்டவர்களும் இருந்தார்கள்.

ஏழாம் வகுப்பு குளிர்ந்தது. தையல் கடையிலிருந்து, முடி வெட்டும் கடையிலிருந்து, பழவண்டிப் பக்கத்திலிருந்து மூலக்கூறுகள் வேகம் குறைந்து, ஒன்றை ஒன்று தேடிக்கொண்டு கேட் வாசலுக்கு நழுவி வந்தன. எதிரே ஒன்றாம் வகுப்பு பாய்ந்து வருவதைப் பார்த்தன. திக்குவாய்ப் பையன்தான் முதலில் கையை நீட்டினான்.

"கை... கை... கை... கை!" என்றான்.

அது திக்கலாகவே யாருக்கும் படவில்லை. ஒவ்வொரு 'கை'க்கும் இரண்டு கைகள் சேர்ந்தன. கேட்டின் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரை ஏழாம் வகுப்பு ஒரே இரும்புத் துண்டாக நின்றது. பொடிப் பிள்ளைகளின் வெள்ளம் வந்து மோதியது. வரிசை ஓர் ஆட்டம் ஆடியது. உடையவில்லை.

ஓரிடத்தில் மட்டும் ஓட்டை. தூங்குமூஞ்சியின் இடம். கேள்விக்குறி சுற்றுமுற்றும் பார்த்தாள். மணி அடிக்கும் முன்பே பிள்ளைகளைத் தேடித் தெருவுக்கு ஓடி வந்து, தலையில் பிஸ்கட் தூளோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற பெரிய மனிதரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சார், இங்க நில்லுங்க. இடைவெளி இருக்கக் கூடாது. லேசா ஆடலாம், நகரக் கூடாது."

கல்வி அதிகாரி நின்றார். லேசாக ஆடினார். அவர் பின்னால் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது.

மற்ற வகுப்புகள் எல்லாம் உள்ளே திரும்பிய பிறகு, அதிகாரி ஏழாம் வகுப்பை வேப்பமர நிழலில் உட்கார வைத்தார். மாஸ்டர் தூணோரம் தலை குனிந்து நின்றார். புத்தகத்துக்கு அட்டை போடும் பசையின் வாசனை இப்போதே மூக்கில் ஏறியது.

"திடப்பொருள்னா என்ன?" என்றார் அதிகாரி.

"பக்கத்துல இருக்கறவங்க கைய விட முடியாது சார். வேர்த்தாக்கூட."

"திரவம்?"

"ஓடலாம், ஆனா கூட்டத்தை விட்டுப் போக முடியாது சார். எங்க ஊத்தினாலும் அந்த இடத்து வடிவம் வந்துடும்."

"வாயு?"

"ஜாலியா இருக்கும் சார்," என்றது முடி வெட்டும் கடையிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த தூங்குமூஞ்சி, கண்ணைக் கசக்கிக்கொண்டு. "ஆனா தனியா இருக்கும்."

அதிகாரி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து மாஸ்டரிடம் வந்தார்.

"மாஸ்டர், இந்தப் பாடத்தை நானும் படிச்சிருக்கேன். மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கியிருக்கேன். இன்னிக்குத்தான் புரிஞ்சுது. ஒரு பிள்ளை என் கையப் பிடிச்சே ரொம்பக் காலம் ஆச்சு."

"சார்... என் தப்பு சார். விசிலைப் போய்ச் சூட்டுக்கு வச்சுட்டேன். பிள்ளைங்க மேல ஒரு குத்தமும் இல்ல. சொன்னதை அப்படியே செஞ்சாங்க. சூதுவாது தெரியாத பிள்ளைங்க."

"உங்க பீரியட்ல யாரும் கை வைக்க மாட்டாங்க. நான் பாத்துக்கறேன். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் பாடத்தை மைதானத்துல நடத்தச் சொல்லி எழுதப் போறேன்." கார் வரை போய்த் திரும்பினார். "ஆனா கேட்டைப் பூட்டச் சொல்லி அதுலயே எழுதிடறேன்."

கார் போன பிறகும் மாஸ்டர் நெடுநேரம் அங்கேயே நின்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. தன் முட்டாள்தனத்தையும் பிள்ளைகளின் வெள்ளை மனதையும் வைத்துக் கடவுள் எப்படி ஒரு நல்லதை நடத்திக்கொண்டார் என்று வியந்து வியந்து தீரவில்லை.

மாலையில் பள்ளி விட்டதும் அவர் நேராக வீட்டுக்குப் போகவில்லை. தெருக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்காமல் போனால் அவருக்குச் சோறு இறங்காது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததைத் தானும் செய்ய வேண்டாமா? பழவண்டிக்காரரிடம் கேட்டார், அவர் சிரித்து, ஒரு பழத்தைக் கையில் திணித்தார். முடி வெட்டுபவரிடம் கேட்டார், அவரும் சிரித்தார். எல்லோரும் ஏன் இவ்வளவு நல்லவர்களாக இருக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவேயில்லை.

கடைசியாகத் தையல் கடை வாசலில் நின்றார்.

"அக்கா, மதியம் என் பிள்ளைங்க கடைக்குள்ள ஓடி வந்து ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாம் நான் செஞ்ச குளறுபடி. அதுங்களுக்கு ஒன்னும் தெரியாது."

தையல்காரம்மா மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க, நேத்து சாயங்காலமே அதுங்க கடை கடையா வந்து, 'எங்க சாரோட பீரியடப் பிடுங்கப் போறாங்கன்னு பெரிய மேடம் ரூம் ஜன்னலோரம் கேட்டுட்டோம், அதிகாரி ஆயுசுக்கும் மறக்காத மாதிரி நாளைக்கு நாங்க வாயு ஆகப் போறோம், கொஞ்சம் கதவைத் தொறந்து வைங்க, எங்க சார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பாவம், அவருக்குப் பொய் சொல்ல வராது'ன்னு சொல்லிட்டுத்தானே போச்சுங்க!"